இணைய வழிகளின் பெருக்கமும் அவற்றிற்கு வரம்பிடுதலும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கோவளத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வெள்ளி விழாவில் பேச வருவோர் கழகம் கடந்துவந்த பாதையை எடுத்துரைப்பது மரபு. அதனை நம்மினும் நன்கறிந்த பெரியோர் முன்னரே உரைத்துவிட்டனர். நமக்கு அளிக்கப்பட்டது வேறு பொருள். இணையத்தின் வழி அட்டவணை திடீரெனப் பெருகுவது குறித்தும், ஒரு வலையமைப்பு தன் அண்டை வலையமைப்புகளோடு கொள்ளும் தொடர்பைக் காத்துக்கொள்வது குறித்தும் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் படித்த பெரியவர் ஒருவர், "இது என்ன, பேருந்து நிலையத்து அட்டவணையா?" என்று வினவினார். அவர் வினவியது பெரும்பாலும் சரியே. எந்த ஊருக்கு எந்த வழியாகச் செல்வது என்று எழுதி வைத்திருக்கும் பலகைதான் இதுவும். ஆனால் இப்பலகையில் இன்று ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட வரிகள் இருக்கின்றன. அவற்றை எழுதுவோர் உலகெங்கும் எழுபதினாயிரத்திற்கு மேற்பட்டோர். தலைமை எழுத்தர் என்று எவரும் இல்லை.

இப்பொருளைக் கோவளத்தில் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிருந்து கழியைக் கடந்து கேளம்பாக்கம் சென்று வடக்கே திரும்பினால் சிறுசேரி. அங்கே நாட்டின் பெரிய தரவு மையங்கள் சில எழுந்து நிற்கின்றன. சென்னைக் கடற்கரையில் சிங்கப்பூரிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் ஆழ்கடல் கேபிள்கள் வந்து கரையேறுகின்றன. 2020 ஆகஸ்டு 10 முதல் போர்ட் பிளேயருக்கும் ஒரு கேபிள் செல்கிறது. இவற்றை இணைக்கும் கண்ணாடியிழைக் கேபிளுக்காகப் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் பள்ளம் தோண்டியவர்களில் நம் மக்கள் ஏராளம். அக்கட்டடங்களின் வாயிற்காவலில் நம் மக்கள் நிற்கின்றனர். அண்மை ஆண்டுகளில் நம் பிள்ளைகள் சிலர் உள்ளே, இரவு முறையில், திரைகளின் முன் அமர்ந்திருக்கின்றனர். அப்படி அமர்ந்த ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததே இவ்வுரைக்கு அடிப்படை. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் இணையம் என்பது யாது என்று தெளிவோம். அது ஒரே வலை அன்று. பல வலையமைப்புகளின் கூட்டு. ஒவ்வொன்றும் தன்னாட்சி உடையது. ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் உண்டு. ஏர்டெல்லுக்கு ஓர் எண், பி.எஸ்.என்.எல்.லுக்கு ஓர் எண், பல்கலைக்கழகங்களுக்கும் வங்கிகளுக்கும் தனித்தனி எண்கள். ஒவ்வொரு வலையமைப்பும் தன்னிடம் உள்ள முகவரிகளைத் தொகுதி தொகுதியாகக் கட்டி, "இம்முகவரிகளுக்குச் செல்லவேண்டுவோர் என் வழியாக வருக" என்று தன் அண்டை வலையமைப்பிடம் அறிவிக்கிறது. அண்டையார் அதனைத் தம் அட்டவணையில் எழுதிக்கொண்டு தமக்கு அடுத்தவர்க்கு உரைக்கின்றனர். இவ்வாறு செவிவழிச் செய்தியாக உலகம் முழுதும் பரவுகிறது. இச்செய்தியைப் பரிமாறும் நெறிக்குப் பி.ஜி.பி. என்று பெயர். 1989ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவில் நடந்த ஒரு பொறியாளர் கூட்டத்தில், மதிய உணவு வேளையில், கிர்க் லாஹீட், யாக்கொவ் ரெக்டர் என்னும் இருவர் கைதுடைக்கும் காகிதத்தில் இதன் வரைவை எழுதினர். சிறிது காலத்திற்குப் போதும் என்று எண்ணி எழுதியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகம் அதன்மீதே நிற்கிறது.

இரு வலையமைப்புகளின் ரவுட்டர்கள் இந்நெறிப்படி இடையறாது பேசிக்கொண்டிருக்கும் தொடர்பையே 'செஷன்' என்கிறார்கள். பேச்சு இல்லாத வேளையிலும் "இருக்கிறேன்" என்று குறித்த நேரத்திற்கு ஒருமுறை சொல்லிக்கொள்ளவேண்டும். அக்குரல் ஒன்றரை நிமிடமோ மூன்று நிமிடமோ வாராது போனால், அண்டையார் இறந்துபட்டார் என்று கருதி அவர் சொன்ன வழிகள் அனைத்தையும் அட்டவணையிலிருந்து அழித்துவிடுவர். இதை நினைவில் இருத்துங்கள். பின்னே வரும் இடர்கள் பலவற்றிற்கும் இதுவே கதவு.

அட்டவணையின் வளர்ச்சியைப் பார்ப்போம். இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது உலக அட்டவணையில் சில பதினாயிரம் வரிகளே இருந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இலட்சம். 2014இல் ஐந்து இலட்சம். இன்று ஒன்பது இலட்சத்திற்கும் அப்பால். புதிய ஆறாம் பதிப்பு முகவரிகளுக்கு இரண்டு இலட்சத்தைத் தாண்டிய தனி அட்டவணை வேறு. இவ்வளர்ச்சி இயல்பானது, எதிர்பார்க்கத்தக்கது. அதற்கேற்ப ரவுட்டரின் நினைவகத்தைப் பெருக்கிக்கொள்ளலாம். பெருக்காது விட்டவர்கள் 2014 ஆகஸ்டு 12 அன்று தொல்லையுற்றனர். பழைய ரவுட்டர்கள் பலவற்றின் விரைவு நினைவகத்தில் 5,12,000 வரிகளுக்கே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அன்று வெரைசன் நிறுவனத்திலிருந்து சுமார் 15,000 புதிய வரிகள் ஒரே வீச்சில் வெளிவந்தன. எல்லை கடந்தது, உலகின் பல பகுதிகளில் ரவுட்டர்கள் திணறின. இத்தனைக்கும் அந்த எல்லை வரப்போகிறது என்று உற்பத்தியாளர் மாதக்கணக்கில் முன்பே எச்சரித்திருந்தனர். எச்சரிக்கையைப் படிப்போர் எங்கும் சிலரே போலும்.

ஆயினும் நம்மை அச்சுறுத்துவது ஆண்டுதோறும் வளரும் வளர்ச்சியன்று. ஒரு நொடியில் பொங்கும் வெள்ளம். 1997 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்துச் சிறு நிறுவனம் ஒன்றின் ரவுட்டர், தான் கேட்டறிந்த உலக வழிகளையெல்லாம் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, "இவை அனைத்தும் என்னுடையவை" என்று அறிவித்தது. அவ்வலையமைப்பின் எண் 7007. சிறிய துண்டிற்கே முன்னுரிமை என்பது இந்நெறியின் விதி. ஆகவே உலகின் போக்குவரத்து அச்சிறு ரவுட்டரை நோக்கித் திரும்பிற்று. அதன் மின்கம்பியைப் பிடுங்கிய பின்னரும் பொய் வழிகள் நெடுநேரம் அலைந்துகொண்டிருந்தன.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. 2015 மார்ச்சு 12 அன்று ஹாத்வே நிறுவனம் கூகுளின் முந்நூறுக்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளின் வழிகளைத் தவறாக மேலே அனுப்ப, ஏர்டெல் அதனை ஏற்று உலகிற்குப் பரப்பிற்று. அவ்வாண்டே நவம்பர் 6 அன்று ஏர்டெல்லின் 9498 எனும் வலையமைப்பு, ஏறத்தாழ இரண்டாயிரம் அமைப்புகளுக்குரிய பதினாறாயிரத்திற்கும் மேற்பட்ட தொகுதிகளைத் தன்னவையென அறிவித்தது. 2021 ஏப்ரல் 16 அன்று மாலை வோடஃபோன் ஐடியாவின் 55410 எனும் வலையமைப்பு முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட தொகுதிகளை இவ்வாறே அறிவித்தது. அவற்றுள் உலகின் பெருநிறுவனங்களின் முகவரிகளும் இருந்தன. அவ்வலையமைப்பிற்குள் வந்து பாய்ந்த போக்குவரத்து வழக்கத்தினும் பதின்மூன்று மடங்கு உயர்ந்தது. இவற்றுள் எதுவும் பகைவர் செய்த சூழ்ச்சி என்று நிறுவப்படவில்லை. யாரோ ஒருவர் ஒரு வரியை எழுத மறந்தார். மேலே இருந்தவர் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்.

மேலே இருந்தவர் ஏற்றுக்கொண்டார் என்பதையே நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 2015 திசம்பரில் நாமெல்லாம் கண்ட வெள்ளத்தை நினையுங்கள். தாம்பரம் சுற்றுவட்டத்து ஏரிகள் ஒன்றுக்கொன்று தொடுக்கப்பட்டவை. மேல் ஏரி உடைந்தால் அந்நீரைக் கீழ் ஏரி தாங்காது; அதுவும் உடையும். கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பில் கூடும் நீர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, இதோ இந்தக் கோவளத்து முகத்துவாரத்தில்தான் கடலைக் காண்கிறது. உடைப்பு நேர்ந்தபின் எல்லோரும் மேல் ஏரிக்காரனைக் குறை கூறுவர். இடையில் மதகு ஒன்று இருந்திருக்கவேண்டும், அது ஏன் இல்லை என்று கேட்பவர் குறைவு.

இனி நம் பிள்ளையின் செய்தி. தாம்பரத்திற்கு அடுத்த ஒரு குடியிருப்பைச் சேர்ந்தவன். நம் கழகத்தின் மாலை வகுப்பில் படித்து, மின்னணுவியலில் பட்டயம் பெற்று, ஒப்பந்த ஊழியனாக ஒரு நிறுவனத்தில் இரவு முறையில் சேர்ந்தான். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. ஓர் இரவு ஒரு மணியளவில், வாடிக்கையாளரான சிறு இணைய நிறுவனம் ஒன்று தொலைபேசியில் அழைத்தது. அவர்கள் ரவுட்டரில் மென்பொருளைப் புதுப்பித்திருந்தனர்; செஷன் எழவில்லை; உங்கள் பக்கத்திலிருந்து அதனை ஒருமுறை மீளத் தொடங்குக என்றனர். கையேட்டில் எழுதியிருந்தபடி இவனும் மீளத் தொடங்கினான். செஷன் எழுந்தது. அச்சிறு நிறுவனம் வேறொரு பெருநிறுவனத்திடமும் இணைப்புப் பெற்றிருந்தது. புதுப்பித்தபோது அவர்களுடைய வடிகட்டி அழிந்துபோயிருந்தது. ஆகவே அப்பெருநிறுவனத்திடம் கேட்டறிந்த உலக அட்டவணை முழுவதையும் இவர்கள் பக்கம் கொட்டிவிட்டது. இருபது வரிகள் வரவேண்டிய இடத்தில் ஒன்பது இலட்சம் வரத் தொடங்கின.

அவ்விளிம்பு ரவுட்டர் சிறியது. நினைவகம் நிரம்பியது, செயலி மூச்சுத் திணறியது, பிற அண்டையாருக்கு "இருக்கிறேன்" என்று சொல்லும் குரலை உரிய நேரத்தில் அனுப்ப இயலவில்லை. அவர்கள் ஒவ்வொருவராகத் தொடர்பை அறுத்தனர். அறுந்த தொடர்புகள் மீண்டும் எழ முயன்றபோது ஒவ்வொன்றும் தன் அட்டவணையை முதலிலிருந்து கொட்டிற்று. சுமை மேலும் ஏறிற்று. விழுந்தும் எழுந்தும் விழுந்தும் நாற்பது நிமிடம் கழிந்தது.

காலையில் விசாரணை. "விசையை அழுத்தியவன் யார்?" என்பதே முதற்கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுவே. அழுத்தியவன் ஒப்பந்த ஊழியன். அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டா என்று சொல்லப்பட்டான்.

அவன் அழுதுகொண்டு நம்மிடம் வரவில்லை. குறிப்பேட்டோடு வந்தான். கழகத்தின் அறையில் அமர்ந்து, ரவுட்டரின் பதிவுகளில் தான் குறித்துவைத்த நேரங்களை வரிசைப்படுத்தினான். 1:12க்கு மீளத் தொடங்கியது. 1:13க்குச் செஷன் எழுந்தது. 1:15க்கு நினைவக எச்சரிக்கை. 1:18க்கு முதல் அண்டையார் அறுந்தது. பின்பு ஒரு கடிதம் எழுதினோம். அதில் இரக்கம் வேண்டும் சொல் ஒன்றுமில்லை. மூன்று செய்திகளை மட்டும் எழுதினோம். மீளத் தொடங்குதல் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட செயல். வாடிக்கையாளர் செஷன்களுக்கு உச்சவரம்பு எழுதும் உரிமை இரவு முறை ஊழியருக்கு இல்லை. அவ்வொரு செஷனில் உச்சவரம்பு எழுதப்படவில்லை; அண்டையிலிருந்த மற்ற செஷன்களில் எழுதப்பட்டிருந்தது. மறுமொழி வரவில்லை. வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து வேறோர் இடத்தில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றபோது, அங்கே மேசைக்கு அப்பால் இருந்தவர் "முன்னைய வேலையை ஏன் விட்டீர்?" என்று கேட்டார். இவன் அந்தக் கடிதத்தின் நகலையே எடுத்து நீட்டினான். இன்று அவ்விடத்தில் உச்சவரம்புகளை எழுதும் பொறுப்பு அவனுடையது. இப்போது மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறான். பெயர் சொல்லவேண்டா என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

உச்சவரம்பு என்ற சொல் இங்குள்ள மூத்தோருக்குப் புதிதன்று. 1961ஆம் ஆண்டின் சட்டம் ஒரு குடும்பத்திற்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது; 1970இல் அது 15 ஆயிற்று. பினாமிப் பெயர்களால் அதிலிருந்து தப்பியோர் கதையை நாமே பக்கம் பக்கமாக எழுதலாம். ரவுட்டரின் உச்சவரம்பிற்குப் பினாமி தெரியாது; எண்ணிக்கை ஒன்றே தெரியும். இந்த அண்டையாரிடமிருந்து இத்தனை வழிகளுக்கு மேல் வாரா என்று ஓர் எண்ணை எழுதிவைக்கிறோம். அதில் முக்கால் பங்கு நிரம்பியதும் எச்சரிக்கை எழும். எண்ணைத் தாண்டிய கணத்தில் ரவுட்டர் அந்த ஒரு செஷனை மட்டும் காரணம் கூறி அறுத்துவிடும். அவ்வழி வந்தவற்றையெல்லாம் அழித்துவிடும். அந்த ஒருவர் துண்டிக்கப்படுவார், மற்றவர் பிழைப்பர். பின்பு ஒரு மனிதர் பார்த்துத் திறக்கும்வரை மூடியே இருக்குமாறும் செய்யலாம். குறித்த நிமிடங்களுக்குப் பின் தானே திறக்க முயலுமாறும் செய்யலாம். வாடிக்கையாளர் செஷன்களில் மனிதர் பார்த்துத் திறப்பதே நன்று என்பது நம் கருத்து. பிழை திருந்தாமல் தானே திறந்தால் கால்மணிக்கு ஒருமுறை உடைப்பெடுக்கும்.

எண்ணை எவ்வளவு வைப்பது என்பதில்தான் அனுபவம் வேண்டும். இருபது வழி அனுப்புவோர்க்கு இருபத்திரண்டு என்று வைத்தால், அவர் நாளை நேர்மையாக மூன்று புதிய தொகுதிகளைச் சேர்த்ததும் அறுந்துபோவார். நள்ளிரவில் உம்மைத் திட்டுவார். பத்து இலட்சம் என்று வைத்தால் வரம்பு இருந்தும் இல்லாததே. இருபதுக்கு நாற்பதோ ஐம்பதோ வைத்து, ஆண்டுக்கு இருமுறை திருத்துவது தகும். பெரிய வலையமைப்புகள் தாம் அனுப்பக்கூடிய வழிகளின் எண்ணிக்கையைப் பியரிங்டிபி என்னும் பொதுப் பதிவேட்டில் தாமே குறித்து வைக்கின்றன. அதைப் பார்த்து எழுதலாம். நிக்சி எனும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் 2003இல் தொடங்கப்பட்டது. அதன் மையம் ஒன்று சென்னையிலும் உண்டு. அத்தகைய பரிமாற்றகத்தில் ஒரே இடத்தில் பலரோடு பேசுகிறோம். அங்கே ஒவ்வொருவர்க்கும் தனி வரம்பு எழுதாது விடுவது, சந்தைக்குச் சென்று வீட்டைத் திறந்து போட்டு வருவதை ஒக்கும்.

செஷனைக் காக்க வேறு காவல்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்வோம். 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் பால் வாட்சன் என்பவர், இருவர் பேச்சின் நடுவே மூன்றாமவர் பொய்யாக "முடித்துக்கொள்வோம்" என்று செய்தி புகுத்தித் தொடர்பை அறுப்பது எண்ணியதைவிட எளிது என்று காட்டினார். பி.ஜி.பி. செஷன்கள் நாள்கணக்கில் நீடிப்பவை ஆதலால் அவற்றிற்கே இடர் மிகுதி. இதற்கு மருந்து 1998 முதலே இருந்தது: இருவரும் ஓர் இரகசியச் சொல்லை ஒப்பி, ஒவ்வொரு செய்தியிலும் அச்சொல்லால் கணித்த முத்திரையைப் பதித்தல். அச்செய்தி வந்த பின்னரே பலர் விரைந்து மருந்தை உண்டனர். மற்றொன்று இன்னும் எளியது. இணையத்தில் செல்லும் ஒவ்வொரு பொட்டலமும் ஓர் ஆயுள் எண்ணைத் தாங்கிச் செல்கிறது. ஒரு ரவுட்டரைக் கடக்கும்தோறும் அது ஒன்று குறையும். அதன் உச்சம் 255. அண்டையார் 255 என்று எழுதி அனுப்பினால் நமக்கு 255 ஆகவே வந்து சேரும். தொலைவிலிருந்து பொய் கூறுவோன் என்ன செய்தாலும் அவ்வெண்ணோடு வந்து சேர இயலாது. 255 அல்லாதவற்றைத் தள்ளிவிட்டால் போதும். செலவில்லாத காவல் இது. இருந்தும் பலர் வைப்பதில்லை.

இன்னொன்றை விரித்துரைக்கவேண்டும், அது பட்டா பற்றியது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதியதும், 1892இல் நம் முன்னோர்க்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்ததும், அந்நிலம் பின்னர் எவ்வெவர் கைக்குச் சென்றது என்பதும் இம்மன்றத்தில் பலமுறை பேசப்பட்டவை. ஆவணத்தில் எவர் பெயர் இருக்கிறது என்று பாராமல், "இது என்னுடையது" என்று உரக்கச் சொன்னவன் சொல்லே செல்லுபடியானது. இணைய முகவரிகளிலும் நெடுங்காலம் இதுவே நிலை. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டிற்குள் யூடியூபைத் தடுக்க எண்ணி அதன் முகவரித் தொகுதியைத் தன்னதென அறிவிக்க, அது வெளியே கசிந்து இரண்டு மணி நேரம் போல உலகமே யூடியூபை இழந்தது. இன்று இதற்குப் பட்டா முறை வந்திருக்கிறது. ஆர்.பி.கே.ஐ. என்று பெயர். இத்தொகுதியை அறிவிக்கும் உரிமை இந்த எண்ணுடைய வலையமைப்பிற்கே உண்டு என்று உரியவர் கையொப்பமிட்ட சான்றை வெளியிடுகிறார்; கேட்போர் சரிபார்த்து, பொருந்தாததைத் தள்ளுகின்றனர். அவ்வாறு சான்று பெற்ற தொகுதிகளைப் பொறுத்தவரை 2021இல் நேர்ந்தது போன்றதை இது வாயிலிலேயே தடுக்கும். ஆனால் நம் பிள்ளையின் இரவில் இது உதவியிராது. அன்று வந்த ஒன்பது இலட்சத்திலும் உரிமையாளர் பெயர் சரியாகவே இருந்தது. வந்த பாதைதான் தவறு. ஆகவே பட்டா இருக்கிறது, வரம்பு எதற்கு என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள்.

இளைஞர்களே, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கழகத்தின் மேல் அறையில் இதற்கான வகுப்பு தொடங்குகிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. கழகத்திற்கு நன்கொடையாக வந்த பழைய கணினிகள் நான்கில், எஃப்.ஆர்.ஆர். என்னும் இலவச மென்பொருளை ஏற்றி ரவுட்டர்களாக ஆக்கியிருக்கிறோம். தனிப் பயன்பாட்டிற்கென ஒதுக்கப்பட்ட 64512 முதலான எண்களை அவற்றிற்கு இட்டிருக்கிறோம். ஆங்கிலம் தடையென்று எவரும் தயங்கவேண்டா. கட்டளைகள் முப்பதுக்கு மேல் இல்லை, தமிழில் விளக்கிய தாள் தரப்படும். பெண் பிள்ளைகளுக்கு முதல் வரிசை. மூன்றாம் வரிசைத் தம்பியே ஆசிரியர்.

முதல் நாள் பயிற்சி இது. இரண்டு கணினிகளுக்கிடையே செஷனை எழுப்புங்கள். ஒருபுறம் வரம்பு பத்து என்று எழுதுங்கள். மறுபுறத்திலிருந்து வழிகளை ஒவ்வொன்றாக அனுப்புங்கள். எட்டாவதில் எச்சரிக்கை எழுகிறதா என்று பாருங்கள். பின் பதினொன்றாவதை அனுப்புங்கள். செஷன் அறுந்தவுடன் பதிவில் தோன்றும் வரியை, அதன் நேரத்தோடு, நொடி உட்படக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பேடு ஒவ்வொருவரும் கொண்டுவரவேண்டும், கழகம் தராது.